கயாக் துடுப்புக்கு மரம் எடுக்குறது எப்படி: மரத்து பேரை அப்புறம் பாக்கலாம், முதல்ல பலகையை பாருங்க

கையால ஒரு கயாக் (ஒல்லியான சின்ன படகு) பேடில், அதாவது துடுப்பு செய்யணும்னு கிளம்புற எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த மரம் நல்லது?"ன்னுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். ஒருத்தர் ஆஷ் மரம் எடு, ஒடையவே ஒடையாதுன்னாரு, நானும் வாங்கி ரெண்டு வாரம் இழைச்சு இழைச்சு செஞ்சேன், அவர் சொன்ன மாதிரியே அது ஒடையல, ஆனா அரை நாள் துடுப்பு போட்டதுல என் தோள்பட்டை கழண்டு வந்துடும் போல ஆயிடுச்சு. சரி லேசான மரம் எடுப்போம்னு அடுத்து ரெட் சிடர்ல செஞ்சேன். பஞ்சு மாதிரி இருந்துச்சு, மூணாவது மாசம் பிளேடும் தண்டும் சேர்ற எடத்துல டொக்குனு போயிடுச்சு. ஒடஞ்ச ரெண்டு துண்டையும் மேஜையில வச்சு பாத்தப்பதான் வெளங்குச்சு, முறிஞ்ச எடத்துல நார் குறுக்கால சாஞ்சு ஓடி வெளிய போயிருக்கு. சிடர் மேல தப்பே இல்ல, நான் எடுத்த அந்த ஒரு பலகை மேலதான் தப்பு.

அதனால இதுல மரத்து பேரு கடைசியிலதான் வரும். முதல்ல அளவு, அப்புறம் எடை, அப்புறம் ரேகை (மரத்துல ஓடுற கோடு), அப்புறம்தான் மத்ததெல்லாம்.

முதல்ல, என்ன மாதிரி பேடில்?

ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கிரீன்லாந்து பேடில், ஒல்லியா நீளமா ஒரே கட்டையில செதுக்குறது, பிளேடு அகலம் 85-90 மி.மீ தான் வரும். இன்னொண்ணு அகலமான கரண்டி மாதிரி பிளேடு வச்ச யூரோ பேடில், இதுல தண்டு தனி பிளேடு தனி, ரெண்டுக்கும் வேற வேற மரம் கூட போடலாம். முதல் தடவை செய்றவங்க கண்ணை மூடிட்டு கிரீன்லாந்து எடுங்க, கீழ சொல்றதெல்லாம் பெரும்பாலும் அதை மனசுல வச்சுதான், யூரோவுக்கு எங்க மாறுதோ அங்க சொல்றேன்.

நீளத்துக்கு பழைய கணக்கு ஒண்ணு இருக்கு: ரெண்டு கையையும் விரிச்சா விரல் நுனியில இருந்து விரல் நுனி வரைக்கும் எவ்வளவோ அது, அதோட முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு முழம். 170 செ.மீ விரிப்பு, 45 செ.மீ முழம்னா 215 செ.மீ. இது ஆரம்பக் கணக்குதான், படகு அகலத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். பலகை 240 செ.மீ நீளமாவது எடுங்க, ஏன்னா ரெண்டு முனையிலயும் காயும்போது வெடிச்சிருக்கும், அதை 5-10 செ.மீ வெட்டி எறியத்தான் வேணும். குறுக்களவு 89 x 38 மி.மீ, அதாவது கடையில 2 x 4னு சொல்லி விக்கிற சட்டம் (பேருதான் ரெண்டுக்கு நாலு, இழைச்சதுக்கு அப்புறம் கையில வர்றது ஒண்ணரைக்கு மூணரை இன்ச்), இது ஒரு பேடிலுக்கு அளவெடுத்து தச்ச மாதிரி சரியா இருக்கும்.

எடை: தராசை கையோட எடுத்துட்டு போங்க

இதை யாரும் பெருசா சொல்றதில்ல. லக்கேஜ் எடை பாக்குற சின்ன தொங்கு தராசு ஒண்ணு இருந்தா போதும், பாதி வேலை முடிஞ்சுது.

கணக்கு இதுதான். 240 செ.மீ நீளம், 8.9 செ.மீ அகலம், 3.8 செ.மீ கனம் உள்ள பலகையோட கொள்ளளவு சுமார் 8.1 லிட்டர். செதுக்கி முடிச்ச கிரீன்லாந்து பேடிலோட கொள்ளளவு கிட்டத்தட்ட 2 லிட்டர் வரும். அப்படின்னா பலகையில முக்கால்வாசி சீவலாவும் தூளாவும் தரையிலதான் கிடக்கும், கால்வாசிதான் பேடில். அதனால பலகை எடையை நாலால வகுத்தா உங்க பேடில் எவ்வளவு கனக்கும்னு கடையில நின்னுட்டே சொல்லிடலாம். 3 கிலோ பலகைன்னா 750 கிராம், 3.5 கிலோன்னா 900 கிராமுக்கு கொஞ்சம் கீழ, 5.5 கிலோன்னா 1.4 கிலோ பக்கம். என் ஆஷ் பேடில் ஏன் அப்படி கொன்னுச்சுன்னு இப்ப தெரியுதா.

முடிச்ச பேடில் ஒரு கிலோவுக்குள்ள இருக்கணும்கிறது என் கணக்கு, அதாவது பலகை 4 கிலோவுக்கு மேல போச்சுன்னா வேற பாருங்க. வெறும் 400 கிராம் வித்தியாசம்தானேன்னு தோணும், நிமிஷத்துக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 60 தடவை போட்டா ஒரு மணி நேரத்துல 3600 தடவை அந்த 400 கிராமை தூக்கி இறக்கியிருப்பீங்க. ஒரே அடுக்குல இருக்குற ஒரே மர சட்டத்துலயே ஒண்ணுக்கொண்ணு எடை நல்லாவே மாறும், அதனால அஞ்சாறையாவது தூக்கிப் பாக்காம எடுக்காதீங்க. ஆனா ஒரு எச்சரிக்கை, அடுக்குல இருக்குறதுலயே ரொம்ப லேசானதை எடுத்து ஓடி வந்துடாதீங்க, அளவுக்கு மீறி லேசா இருந்தா உள்ள உளுத்துப் போயிருக்கலாம், இல்ல ரொம்ப வேகமா வளர்ந்த மரமா இருக்கலாம். அதே மாதிரி ரொம்ப கனமா இருந்தா அது மரத்தோட கனமா ஈரத்தோட கனமான்னு சந்தேகப்படுங்க.

ரேகை, இதுதான் விஷயமே

இங்க நிதானமா படிங்க. ரேகை பாக்குறதுல மூணு தனித்தனி விஷயம் இருக்கு, எல்லாரும் மூணையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறாங்க.

முதல் விஷயம், வளையம் நிக்குதா படுத்திருக்கா. பலகையோட முனையை, அறுத்த முகத்தை பாருங்க. மரத்து வளையம் கோடு கோடா தெரியும். அந்தக் கோடு பலகையோட குட்டைப் பக்கத்துக்கு, அதாவது 38 மி.மீ பக்கத்துக்கு இணையா நேரா நின்னா அதுதான் நமக்கு வேணும், அகலமான முகத்துல அப்ப ரூல் போட்ட நோட்டு மாதிரி நெருக்கமா நேர்கோடா தெரியும். கோடு அகலப் பக்கத்துக்கு இணையா படுத்திருந்தா அகல முகத்துல மலை மலையா, வளைவு வளைவா டிசைன் தெரியும், பாக்க அழகா இருக்கும், டேபிளுக்கு நல்லது, நமக்கு வேணாம். ஏன்னா மரம் காயும்போதும் ஈரம் குடிக்கும்போதும் வளையத்தை ஒட்டிய திசையில சுருங்கி விரியுறது, வளையத்துக்கு குறுக்கால சுருங்கி விரியுறதை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. படுத்த வளையம்னா பிளேடு ஓலை மாதிரி குழிஞ்சுக்கும், நின்ன வளையம்னா தட்டையாவே இருக்கும். இன்னொரு காரணம் இழைக்கும்போதுதான் தெரியும்: ஒவ்வொரு வளையத்துலயும் மெத்துனு ஒரு பாகம் கெட்டியா ஒரு பாகம் இருக்கும், படுத்த வளையத்துல இழைப்புளி ஒரு எடத்துல மெத்து பாகத்துல வேகமா இறங்கும், பக்கத்துலயே கெட்டி பாகத்துல நிக்கும், ரெண்டு பிளேடும் ஒரே மாதிரி வரவே வராது.

45 டிகிரி சாஞ்ச வளையம் கிடைச்சாலும் பரவாயில்ல, எடுத்துக்கலாம். நேரா நின்னதே வேணும்னா ஒரு வழி இருக்கு, 25-30 செ.மீ அகலமான பெரிய பலகை, மரத்தோட நடுவை ஒட்டி அறுத்ததா பாருங்க. நடுவுல டிசைன் படுத்திருந்தாலும் ரெண்டு ஓரத்துலயும் வளையம் நேரா நிக்கும், அந்த ஓரத்தை மட்டும் நீளமா அறுத்து எடுத்தா அருமையான பேடில் கட்டை. நடுத்துண்டை வேற எதுக்காவது வச்சுக்கலாம். மரத்தோட நட்ட நடு சோறு, அந்த பென்சில் கனத்துக்கு கருப்பா ஒரு புள்ளி தெரியும்ல, அது உள்ள இருக்குற சட்டம் மட்டும் கூடவே கூடாது, எப்படியும் வெடிக்கும்.

ரெண்டாவது விஷயம், கோடு நீளவாக்குல எங்க போகுது. அகல முகத்துல ஒரு கோட்டை விரலால பிடிச்சு கூடவே போங்க. கடைசி வரைக்கும் அதே எடத்துல போனா அதிர்ஷ்டம். ஓரத்தை நோக்கி சாஞ்சா எவ்வளவுன்னு அளங்க. விமானத்துக்கு மரம் எடுக்குறவங்க வச்சிருக்குற விதி 15க்கு 1, அதாவது 30 செ.மீ போறதுக்குள்ள 2 செ.மீ க்கு மேல சாயக் கூடாது. நான் நம்ம பேடிலுக்கு அதுல பாதி, 30 செ.மீ க்கு 1 செ.மீ தான் ஒத்துக்குறேன், ஏன்னா பிளேடு ஓரம் கடைசியில 3-4 மி.மீ தான் இருக்கப் போகுது.

மூணாவது விஷயம்தான் என் சிடரை ஒடச்சது. வளையக் கோடு நேரா இருந்தாலும் நார் நேரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல! சில மரம் வளரும்போதே கயிறு முறுக்குன மாதிரி சுத்திக்கிட்டே வளரும், அகல முகத்துல பாத்தா கோடு அம்சமா நேரா போகும், ஆனா நார் மட்டும் பலகையோட கனத்துக்குள்ள சாஞ்சு இந்த முகத்துல நுழைஞ்சு அந்த முகத்துல வெளிய வரும். துடுப்பு வளையறதே அந்த திசையிலதானே, அதனால இந்தச் சாய்வுதான் ஆபத்தானது. இதை வளையம் நின்ன பலகையில அகல முகத்துல தேடினா தெரியாது, 38 மி.மீ குட்டைப் பக்கத்துல தேடணும். பைன், ஸ்ப்ரூஸ்ல அங்க பொடிப்பொடியா பிசின் கோடு இருக்கும், ஆஷ் மாதிரி மரத்துல ஊசி குத்துன மாதிரி துளைக் கோடு இருக்கும், காஞ்ச பலகைன்னா மயிரிழை வெடிப்பு இருக்கும், இதெல்லாம் நார் போற வழியிலதான் போகும். ஒண்ணும் கண்ணுக்கு தெரியலைன்னா அங்க ஒரு சொட்டு இங்க் வைங்க, இங்க் நார் வழியா இழுத்துக்கிட்டு ஒரு கோடு மாதிரி நீளும், அதோட சாய்வை பாத்தா போதும். வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்னா இன்னும் சுலபம், முனையில வெட்டி எறியப் போற துண்டுல உளியை வச்சு ஒரு தட்டு தட்டி பிளந்து பாருங்க, ரம்பம் பொய் சொல்லும் பிளவு பொய் சொல்லாது. பிளந்த முகம் தட்டையா இருக்கா, முறுக்கிட்டு இருக்கா, அவ்வளவுதான் கேள்வி.

வளைய நெருக்கத்தையும் எண்ணிக்கோங்க. ஸ்ப்ரூஸ், பைன், சிடர் மாதிரி ஊசியிலை மரத்துல 25 மி.மீ க்குள்ள குறைஞ்சது 6 வளையம், இதுவும் விமான மரக் கணக்குதான், 10-15 இருந்தா ரொம்ப நல்லது. ஆஷ்ல இது தலைகீழ், அதுல ஒவ்வொரு வளையத்தோட ஆரம்பத்துலயும் பெரிய பெரிய துளை வரிசை இருக்கும், வளையம் நெருக்கமா ஆக ஆக துளைதான் ஜாஸ்தியாகும், அதனால அகல வளையம் இருக்குற ஆஷ்தான் வலு.

கணு, முறுக்கு, பிசின்

கணுவே இல்லாத பலகை கிடைச்சா சந்தோஷம், கிடைக்கலைன்னா எங்க இருக்குன்னு பாருங்க. தண்டுலயும், தண்டு பிளேடா மாற ஆரம்பிக்கிற தோள் பகுதியிலயும் கணு கூடவே கூடாது. பிளேடு நடுவுல சுண்டுவிரல் நகத்தை விட சின்னதா, கெட்டியா ஒட்டுன கணு ஒண்ணு ரெண்டு இருந்தா ஒண்ணும் ஆகாது, சுத்தி கருப்பு வளையம் கட்டி இருந்தா அது செத்த கணு, ஒரு நாள் விழுந்து ஓட்டையாகும். அறுத்து எடுக்கப் போற பாகத்துல கணு வந்தா கவலையே இல்ல, சட்டத்து மேல பேடில் வடிவத்தை பென்சில்ல போட்டு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

முறுக்குக்கு ஒரு கண்ணை மூடிட்டு பலகையை நீளவாக்குல பாருங்க. வில்லு மாதிரி லேசா வளைஞ்சிருந்தா இழைச்சு சரி பண்ணிடலாம். முறுக்கி இருந்தா, அதாவது இந்த முனை ஒரு பக்கமும் அந்த முனை வேற பக்கமும் திரும்பி இருந்தா, வச்சுட்டு அடுத்ததை எடுங்க. இன்னொண்ணு ரேகைக்கு குறுக்கால தலைமுடி கனத்துக்கு கோடு கோடா சுருக்கம் மாதிரி தெரிஞ்சா அது மரம் வெட்டி விழுந்தப்பவோ புயல்லயோ உள்ளுக்குள்ள நசுங்குன எடம், அங்க கேரட் மாதிரி ஒடையும். டார்ச்சை சாச்சு அடிச்சு பாத்தாத்தான் தெரியும்.

ஈரம்

8ல இருந்து 12 சதவீதத்துக்குள்ள இருக்கணும். மாய்ஸ்ச்சர் மீட்டர் இருந்தா குத்திப் பாருங்க, இல்லைன்னா முனையில ஒரு சின்ன துண்டு வெட்டி எடை போட்டு, ஓவன்ல 103 டிகிரியில எடை இறங்காம நிக்கிற வரைக்கும் காய வச்சு மறுபடி எடை போட்டு, குறைஞ்ச எடையை காஞ்ச எடையால வகுத்து நூறால பெருக்குங்க, அதுதான் சதவீதம். பச்சையா இருந்தா சாய்ச்சு வைக்காம தட்டையா, அடியில கட்டை கொடுத்து, காத்து போற எடத்துல போட்டு வைங்க.

இப்ப மரத்துக்கு வருவோம்

கிரீன்லாந்துல துடுப்பு செய்ற அளவுக்கு மரமே வளராது, அந்த ஊர் ஆளுங்க சைபீரிய ஆறுகள்ல அடிச்சுட்டு வந்து கடல்ல மிதந்து கரை ஒதுங்குன கட்டையிலதான் செஞ்சாங்க, முனை தேயாம இருக்க எலும்பு பட்டை அடிச்சுக்கிட்டாங்க. என்ன மரம்னு தேர்ந்தெடுக்குற வசதியெல்லாம் அவங்களுக்கு இல்ல, கிடைச்சதுல நல்ல துண்டை பாத்து எடுத்தாங்க. அதை ஞாபகம் வச்சுக்கிட்டு இதை படிங்க.

வெஸ்டர்ன் ரெட் சிடர், ஒரு கன மீட்டருக்கு 370 கிலோ பக்கம். லேசு, இழைக்க வெண்ணெய் மாதிரி, வைரம் பாஞ்ச பாகம் சுலபத்துல மக்காது. குறை என்னன்னா நகம் வச்சு அழுத்துனாலே தடம் விழும், பாறையில ஊன்றி எழுந்தீங்கன்னா முனை போச்சு. இதோட தூள் சில பேருக்கு ஆஸ்துமாவை கொண்டு வரும், மாஸ்க் இல்லாம தேய்க்காதீங்க.

சிட்கா ஸ்ப்ரூஸ், 425 கிலோ பக்கம். எடைக்கு கிடைக்கிற விறைப்புல இதை அடிச்சுக்க ஆள் கம்மி, அந்தக் காலத்து விமான இறக்கையும் இன்னைக்கு கிட்டார் மேல்பலகையும் இதுல செய்றது அதனாலதான். மக்கிப் போறதை தாங்காது, ஆனா துடுப்பு தண்ணியிலயே கிடக்கப் போறதில்லையே, ஈரத்தோட உறையில போட்டு மூட்டை கட்டாம இருந்தா போதும். என் கையில இப்ப இருக்குறது இதுதான், சாய்ஸ் கிடைச்சா மறுபடியும் இதைத்தான் எடுப்பேன்.

இங்க ஒரு சின்ன கணக்கு, பிடிச்சவங்க படிங்க. ஸ்ப்ரூஸ் சிடரை விட சுமார் 1.4 மடங்கு விறைப்பு. ஆனா தண்டோட விறைப்பு அதோட கனத்துக்கு ஏத்த மாதிரி மடமடன்னு ஏறும், அதனால ஸ்ப்ரூஸ்ல 32 மி.மீ தண்டுன்னா சிடர்ல 35 மி.மீ வச்சாலே ரெண்டும் ஒரே விறைப்புக்கு வந்துடும். வெறும் 3 மி.மீ! மரத்தை மாத்துறதுக்கு பதிலா அளவை மாத்தலாம், கை சின்னதா இருக்குறவங்களுக்கு மட்டும் அந்த 3 மி.மீ உறுத்தும்.

டக்ளஸ் ஃபிர் 510 கிலோ பக்கம், நல்ல விறைப்பு, நேர் ரேகையா சுலபமா கிடைக்கும், ஆனா சிலாம்பு ஏறும், மெத்து பாகத்துக்கும் கெட்டி பாகத்துக்கும் வித்தியாசம் ஜாஸ்தி. சாதாரண வெள்ளை பைன் 400 பக்கம், முதல் பேடிலுக்கு தாராளமா போதும், கெடுத்தாலும் மனசு வலிக்காது. பாஸ்வுட்டும் அதே எடைதான், யூரோ பிளேடுக்கு செதுக்க ரொம்ப வசதி. பாலோனியா 280 பக்கம், வெறும் 560 கிராம்ல பேடில் வரும்னு ஆசை காட்டும், ஓரத்துல கெட்டி மரமோ ஃபைபர் கிளாஸோ கொடுக்கலைன்னா ஒரு சீசன் கூட தாங்காது. தேக்கு 650, ஆஷ் 675, ஓக் 700ஐ தாண்டும். இதுல முழு பேடில் வேணாம், ஆனா தண்டு தனியா செய்ற யூரோ பேடிலுக்கு ஆஷ் நல்லா ஸ்பிரிங் மாதிரி இருக்கும். யூரோ பிளேடை செதுக்க பொறுமை இல்லைன்னா பிஎஸ் 1088 தரத்து மரைன் பிளைவுட் 4 மி.மீ எடுத்து வெட்டிக்கலாம்.

கரையான் மருந்து ஏத்துன பச்சை கலர் மரம் எவ்வளவு நேரா இருந்தாலும் தொடாதீங்க, செம்பு மருந்து, கனம், அந்தத் தூளை நீங்கதான் மூச்சுல இழுக்கப் போறீங்க.

நல்ல பலகை ஒண்ணு கூட கிடைக்கலையா

அப்ப ஒட்டுங்க. சின்ன சின்ன நல்ல பட்டையா தேடி எடுத்து ஒட்டுறது முழுப் பலகை தேடுறதை விட சுலபம். நடுவுல தண்டுக்கு ஸ்ப்ரூஸ் பட்டை, ரெண்டு பக்கமும் பிளேடு அகலத்துக்கு சிடர், ஓரத்துல மெல்லிசா ஆஷ் இல்ல செர்ரி, எடையும் ஏறாது ஓரமும் நிக்கும். ரெண்டு பட்டை ஒட்டும்போது ஒண்ணை தலைகீழா திருப்பிப் போடுங்க, ரெண்டும் எதிரெதிரா முறுக்கப் பாத்து ஒண்ணை ஒண்ணு அடக்கிக்கும். எப்பாக்சி இல்ல டைட்பாண்ட் 3 மாதிரி தண்ணி தாங்குற பசை போடுங்க, சாதாரண வெள்ளை பசை வேணாம். எப்பாக்சின்னா கிளாம்பை வெறி கொண்டு இறுக்காதீங்க, பசை பூரா வெளிய பிதுங்கி நடுவுல ஒண்ணும் இருக்காது. தேக்கு மாதிரி எண்ணெய் மரம்னா ஒட்டுறதுக்கு சட்டுனு முன்னாடி அசிட்டோன்ல துடைச்சுக்கோங்க.

வெட்டுறதுக்கு முன்னாடி

வாங்குன அன்னைக்கே ரம்பத்தை எடுக்காதீங்க, கஷ்டம்தான் எனக்கும் தெரியும். பலகையை நீங்க வேலை செய்ற எடத்துலயே ரெண்டு வாரம் போட்டு வச்சு, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை எடை போட்டு எழுதி வைங்க. எடை அப்படியே நின்னா செட்டாயிடுச்சு, இறங்கிக்கிட்டே இருந்தா இன்னும் காயுது, விட்டுடுங்க. அப்புறம் மறுபடி நீளவாக்குல முறுக்கு பாருங்க, கடையில இல்லாத முறுக்கு வீட்டுக்கு வந்து ஏறியிருக்கும் சில சமயம். கடைசியா ரெண்டு முனைக்கும் செங்கல் கொடுத்து, அகல முகம் மேல வர்ற மாதிரி வச்சு, நடுவுல ரெண்டு கையாலயும் அழுத்தி விடுங்க, திருப்பிப் போட்டும் அழுத்துங்க. சொடக்கு மாதிரி சத்தம் கேட்டாலோ ஒரு பக்கம் மட்டும் அதிகமா வளைஞ்சாலோ அதை அலமாரிக்கு ஒதுக்கிடுங்க. சத்தமில்லாம வளைஞ்சு திரும்பி வந்துச்சுன்னா நூலை பிடிச்சு நடுக்கோட்டை அடிங்க, ஆனா பலகையோட ஓரத்துக்கு இணையா இல்ல, ரேகை போற போக்குக்கு இணையா.